உருளைக்கிழங்கு அத்தியாயம்

நான்காம் பக்கம், மூன்றாவது பத்தி. வெங்காயம் விளிம்பில் பழுப்பாகத் தொடங்குகிற இடம். அங்கேதான் என் வயிறு முதன்முதலாகக் கத்தியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தலையைத் தூக்கினார். எங்கள் ஒலிப்பதிவாளரை எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதை யாரும் படித்ததில்லை. மூன்று அறை தள்ளி ஒருவர் பேனா மூடியைக் கழற்றினால் இவர் கண்ணாடி வழியாக முறைப்பார்.

"மேடம், ஏதோ மேசையை இழுத்த மாதிரி சத்தம் வந்துச்சே?"

"மேசை இல்லை. வயிறு."

"யாரோட வயிறு?"

"உள்ளே நான் ஒருத்திதானே இருக்கேன்! உங்க வயிறா இங்க வந்து உக்காந்திருக்கு?"

"சாப்பிட்டு வரலையா?"

"சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு விரலைச் சொடுக்கினேன். எங்கள் தொழிலில் தப்பு வந்தால் அப்படித்தான். விரலைச் சொடுக்கிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். சொடுக்கு அவருடைய திரையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடாக எழும்பும். எல்லாம் முடிந்த பிறகு காது அந்தக் கோடுகளைத் தேடிப்பிடித்து, தப்பை வெட்டி எறிந்து, நல்லதை ஒட்டிவைப்பார்.

பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்கிற நூலகம் எங்களுடையது. எனக்கு அங்கே பத்தொன்பது வருடச் சர்வீஸ். சட்டம் படித்திருக்கிறேன், சரித்திரம் படித்திருக்கிறேன், அழுமூஞ்சி நாவல்கள் படித்திருக்கிறேன். ஒரு வாஷிங் மெஷின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து உத்தரவாதச் சீட்டுவரைக்கும் படித்திருக்கிறேன். பதிவறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். உள்ளே மின்விசிறி ஓடாது. வளையல் கூடாது, மொடமொடவென்று சத்தம் போடுகிற துணி கூடாது, தும்மல் வந்தால் முன்கூட்டியே கையைத் தூக்க வேண்டும். வாசிப்பவர் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பது எங்கள் இடத்துச் சட்டம். கேட்கிறவருக்குப் புத்தகம்தான் தெரிய வேண்டும், நான் தெரியக் கூடாது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் என் குரலில் ஒரு குற்றம் கண்டுபிடித்தவர் கிடையாது.

ஒரேயொருத்தியைத் தவிர. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது எங்கள் தலைமை நூலகரிடம் சண்டைக்கே போனேன். "உப்பு தேவையான அளவு, உப்பு தேவையான அளவுன்னு முந்நூறு பக்கம் படிக்க நான்தான் கிடைச்சேனா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், "முதல்ல படிங்க, அப்புறம் வந்து கத்துங்க" என்றார்.

படித்தேன். கத்தப் போகவில்லை.

எழுதியவர் சரக்குக் கப்பல்களில் முப்பத்தோரு வருடம் சமைத்தவர். புத்தகத்தில் ஒரு சமையல் குறிப்புகூடக் கிடையாது. அளவு இல்லை, கரண்டிக் கணக்கு இல்லை. என்ன சமைத்தார், யாருக்குச் சமைத்தார், அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது, சாப்பிட்டவன் என்ன செய்தான் என்று மட்டும் எழுதியிருந்தார். என் வயிற்றைக் கிளப்பிவிட்ட பத்தி இதுதான்:

"வெங்காயத்தை விரட்டாதே. சட்டியில் போட்டதும் அது சளசளவென்று பேசும். பேசட்டும். தண்ணீர் விடும். விடட்டும். நீ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கக் கற்றுக்கொள். பேச்செல்லாம் ஓய்ந்து, ஒவ்வொரு துண்டும் கண்ணாடியாகி, விளிம்பில் மட்டும் பழுப்பு ஏறும்போது இயந்திர அறையில் இருக்கிறவன் மேலே எட்டிப் பார்ப்பான். நான் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை. வெங்காயம் கூப்பிடும்."

இதில் என்ன இருக்கிறது? ஒரு சட்டி, ஒரு வெங்காயம். ஆனால் படித்த மாத்திரத்தில் அந்த அலமாரி அறைக்குள் எனக்கு வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. சாப்பாட்டைப் பற்றி நன்றாக எழுதுகிறவர்கள் 'அருமையாக இருந்தது' என்று எழுதுவதில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இந்த மனிதர் 'ருசி' என்கிற சொல்லைப் புத்தகம் முழுக்க இரண்டே இடத்தில்தான் எழுதியிருக்கிறார். இரண்டும் தண்ணீரைப் பற்றி. மற்ற இடங்களிலெல்லாம் சட்டியையும் நெருப்பையும் மனிதர்களையும் நம் முன்னால் வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொள்கிறார். மிச்ச வேலையை நம் நாக்கு பார்த்துக்கொள்கிறது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அந்தப் பத்தியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன்.

ஆனால் வயிறு விடவில்லை. இரண்டாவது அத்தியாயம் ரொட்டி சுடுவது. பக்கத்துக்கு ஒரு தடவை கத்தியது. காது ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மேடம், இதை நான் எப்படி வெட்டறது? 'ரொட்டியின் மேல்தோல் வெடிக்கும்'னு நீங்க சொல்ற அதே இடத்துல அது வெடிக்குது."

சரி என்று மறுநாள் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வாயில் பிசுபிசுப்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ச்சப் சத்தம். அதற்கடுத்த நாள் பிஸ்கட். பல்லிடுக்கில் துகள். வெந்நீர் குடித்துப் பார்த்தேன், உள்ளே அருவியே ஓடியது. கடைசியில் ஒரு நாள் நூலக கேன்டீனில் உட்கார்ந்து மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படித்தேன். ஒரு சத்தம் கிடையாது. சுத்தமான பதிவு. காது அதைத் திரும்ப ஓட்டிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வாஷிங் மெஷின் புத்தகம் மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஓட்டிக் கேட்டபோது அவர் சொன்னது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. வயிறு நிறைந்தவள் ரொட்டியைப் பற்றிப் படிக்கிறாள், அவ்வளவுதான். பசியோடு படித்தால் உயிர் இருக்கிறது, கூடவே கத்தலும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படித்தால் இரண்டும் இல்லை. ரொம்ப யோசித்து காது ஒரு வழி கண்டுபிடித்தார். வரவேற்பறைச் சோபாவிலிருந்து ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, "இதை வயித்துல அமுக்கிக்கிட்டுப் படிங்க" என்றார். பத்தொன்பது வருடச் சர்வீஸ் உள்ளவள் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். கத்தல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை அவர் வெட்டிக்கொண்டார்.

இனி அந்த ஒருத்தியைப் பற்றி.

என் அக்கா தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவள். எந்தத் தெருவில் எந்த எண் என்பது எவ்வளவு அத்துப்படியோ, எந்தத் தெருவில் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்பதும் அவ்வளவு அத்துப்படி. உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவளுக்குக் கண்ணில் நோய் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் போய், வேலையிலிருந்து நின்று, எட்டு மாதத்துக்கு முன்னால் எங்களோடு இருக்க வந்தாள். கண் போனதற்கு அவள் ஒப்பாரி வைக்கவில்லை. "பாத்த வரைக்கும் போதும், எல்லா மூஞ்சியும் ஒரே மூஞ்சிதான்" என்றாள்.

வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சூப்பைத் தானே ஊற்றிக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கிண்ணம் இருந்த இடம் ஒன்று, அவள் ஊற்றிய இடம் ஒன்று. சூடான சூப் மேசை முழுக்க ஓடி என் வீட்டுக்காரர் மடியில் இறங்கியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸும் சூடும் பழகியவர். "பரவாயில்லைக்கா" என்று மூன்று தடவை சொன்னார். அந்த மூன்றாவது 'பரவாயில்லை'தான் அவளைக் குத்தியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் மேசைக்கு வரவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாலில் நனைத்த பன், தோலுரித்த பழம், வேகவைத்த முட்டை என்று சிந்தாத சாப்பாடாகப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். பிடித்ததைத் தின்று வளர்ந்தவள், சிந்தாததைத் தின்று நாளை ஓட்டினாள். சட்டையெல்லாம் தோளிலிருந்து தொங்கியது. டாக்டர் எடை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் படுக்கையில் விழுந்துவிடுவார் என்றார்.

நானும் கெஞ்சினேன், திட்டினேன், சண்டை போட்டேன். "எனக்குப் பசியில்லைடி" என்பாள். கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வகை வகையாகச் சாப்பிட யாருக்குத் தொண்டையில் இறங்கும்? நான் காலையில் ஒரு டீயோடு கிளம்பிவிடுவேன். மூக்கு முட்டத் தின்ற அந்த ஒரு நாளைத் தவிர, மத்தியானம் கேன்டீன் வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். ராத்திரி தட்டில் எடுத்து வைத்ததைப் பாதி கொறித்துவிட்டு எழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் கேட்டால், வயசாச்சு, குறைச்சுக்கறேன் என்பேன்.

வெங்காயத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. இதை அக்கா கேட்க வேண்டும். எனக்கே வாசனை வந்ததே, அவளுக்கு வராமலா போகும்? பதிவை வெளியே எடுத்துக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் இடமில்லை. காதிடம், வீட்டில் ஒருத்தர் கேட்கணும் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல், வெட்டிச் சுத்தம் செய்த முதல் அத்தியாயத்தை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அக்காவின் அறையில் ஒரு சின்ன பிளேயர் உண்டு. அதில் செருகி ஓட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வெங்காயம் பேசியது, தண்ணீர் விட்டது, பழுப்பானது. ஒரு கத்தல் இல்லை, ஒரு மூச்சு இல்லை. அக்கா கடைசிவரை கேட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். துணிக்கடையில் வாங்கப்போவதில்லை என்று முடிவுகட்டிய சேலையைப் பார்த்து அவள் சொல்கிற அதே 'நல்லா இருக்கு'.

"பிடிக்கலையா?"

"புத்தகம் பிடிச்சிருக்கு. உன் குரல்தான்டி. ஸ்டேஷன்ல வண்டி வர்றதைச் சொல்ற மாதிரி இருக்கு. வெங்காயம் இன்னும் பத்து நிமிஷத்துல ரெண்டாவது பிளாட்ஃபாரத்துக்கு வருதா?"

என் மூக்கு உடைந்தது. பத்தொன்பது வருடமாக ஊரே மெச்சும் குரலை இவள் எப்போதும் இப்படித்தான் சொல்லுவாள். அன்று இரவும் பன்தான்.

சனிக்கிழமை காலை ஏழாவது அத்தியாயம் படிக்க உட்கார்ந்தேன். அது முழுக்க உருளைக்கிழங்கு. கப்பல் எட்டு நாள் புயலில் மாட்டிக்கொள்கிறது. அடுப்பில் பாத்திரம் நிற்கவில்லை. எட்டு நாளும் காய்ந்த ரொட்டிதான். ஒன்பதாம் நாள் காற்று அடங்குகிறது, ஆனால் மின்சாரம் போய்விட்டது. கீழ்த்தளத்தில் பகலும் இருட்டுதான். இருக்கிற கிழங்கையெல்லாம் தோலோடு போட்டு வேகவைக்கிறார்.

அன்றைக்கு எனக்கும் காதுக்கும் வேலையே ஓடவில்லை. முதல் பக்கத்திலேயே வயிறு கத்தியது. சொடுக்கினேன். திரும்பக் கத்தியது. "தலையணையை நல்லா அமுக்குங்க மேடம்!" "அமுக்கிக்கிட்டுத்தானே இருக்கேன், இன்னும் அமுக்கினா முதுகு வழியா வந்துடும்!" கிழங்கைத் தோலோடு வேகவைப்பதா, உரித்துவிட்டு வேகவைப்பதா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். "எங்க வீட்ல உரிச்சுட்டுத்தான் போடுவோம்" என்றார் காது. "ஐயோ, அது கிழங்கா, துவைச்ச துணியா?" என்று நான் கத்தினேன். அவர் பதிவை நிறுத்துவதே இல்லை. ஓடட்டும், அப்புறம் வெட்டிக்கலாம் என்பார்.

பிறகு இந்தப் பத்தி வந்தது:

"நாற்பது பேரும் தரையில் உட்கார்ந்தோம். யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. தட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கிழங்கை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றி மாற்றிப் போட்டு ஊதினோம். தோலைக் கட்டைவிரலால் தள்ளினால் சட்டை மாதிரி கழன்று வந்தது. பிளந்தால் உள்ளே மாவாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் ஒரு துண்டு வெண்ணெய் வை. அது உருகிக் காணாமல் போகும்வரை பொறு. பிறகு கல்லுப்பு. தூள் உப்பு வேண்டாம், ஒரு கல்லாவது பல்லில் நறுக்கென்று உடைய வேண்டும். தாடையில் வெண்ணெய் ஒழுகியது, மடியெல்லாம் தோல், கை சுட்டது. இருட்டில் நாற்பது பேர் ஊதுகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் மட்டும்தான். கேப்டன் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. அவரும் ஒழுகவிட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்."

முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. கண் நிறைந்து எழுத்து மங்கிவிட்டது.

"என்ன ஆச்சு மேடம்?"

யாரிடமும் சொல்லாததை அந்த அலமாரிக்குள் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "எங்க அக்கா ஒருத்தி இருக்கா காது. இந்தக் கிழங்கையெல்லாம் ஒரு சட்டி தின்னவ. இப்ப ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பன்னை நனைச்சுத் தின்னுட்டுக் கிடக்கா. அவ என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டு எட்டு மாசம் ஆச்சு. எனக்கு எதுவுமே இறங்க மாட்டேங்குது. அவ செத்துப்போயிடுவாளோன்னு பயமா இருக்கு."

"தண்ணி குடிங்க மேடம்" என்றார் காது. குடித்தேன். விரலைச் சொடுக்கினேன். மீதியைப் படித்து முடித்தேன்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். காது உட்கார்ந்த இடத்திலேயே விறுவிறுவென்று வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு டீ குடிக்கப் போனார். போகும்போது, "கம்ப்யூட்டர்லயே இருக்கு, பென் டிரைவ்ல நீங்களே போட்டுக்குங்க" என்றார். கணினியில் பார்த்தால் ஏழாவது அத்தியாயம் என்று இரண்டு இருந்தது. ஒன்று முப்பத்தாறு நிமிடம், இன்னொன்று ஒரு மணி இருபது நிமிடம். பெரியதுதானே முழுசாக இருக்கும்? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரியதைப் போட்டுக்கொண்டேன். வெட்டியது சின்னதாகத்தான் இருக்கும் என்பது பத்தொன்பது வருடமாக அதே தொழிலில் இருக்கிற ஒருத்திக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் பிளேயரில் செருகினேன்.

"மறுபடியும் ரயில் அறிவிப்பா?"

"உருளைக்கிழங்குக்கா. கேட்டுத்தான் பாரேன்."

பக்கத்தில் உட்காரவில்லை. இன்னொரு 'நல்லா இருக்கு'வைத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்னொரு தடவை கேட்டது. குழாயை மூடினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, விட்டு விட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிழங்கு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் சுவர் வழியாக என் குரலே கேட்டது. "ஐயோ, அது கிழங்கா, துவைச்ச துணியா?"

வெட்டாத பதிவு! அடுத்து என்ன வரும் என்பது ஞாபகம் வந்ததும் சோப்புக் கையோடு ஓடினேன். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு" என்று என் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே பாய்ந்து அதை நிறுத்தியிருக்கலாம். வாசலிலேயே நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தது அது. "அவ செத்துப்போயிடுவாளோன்னு பயமா இருக்கு." பிறகு காதின் குரல். தண்ணீர் குடிக்கிற சத்தம். விரல் சொடுக்குகிற சத்தம்.

அக்கா தடவிப் பார்த்து பிளேயரை நிறுத்தினாள்.

"எவ்வளவு நேரமா அங்க நிக்கிற?"

"இப்பத்தான்."

"பொய். சோப்பு வாசனை அப்பவே வந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "அதுல நடுநடுவுல ஒரு சத்தம் வருதே, கர்ருன்னு. அது என்ன?" என்றாள்.

இதைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "என் வயிறுக்கா. சாப்பாட்டைப் பத்திப் படிச்சா கத்துது. காது அதையெல்லாம் வெட்டிடுவாரு. நான்தான் தெரியாம..."

"பதினோரு தடவை கத்திச்சு. எண்ணினேன். காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

"டீ சாப்பாடா? மத்தியானம்?"

நான் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"நேத்து மத்தியானம்?"

அக்கா கட்டிலிலிருந்து எழுந்தாள். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகம். கையை நீட்டிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள், தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கினாள், மணிக்கட்டைத் தன் விரல்களால் வளைத்துப் பிடித்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"எனக்குக் கண்ணு தெரியலைங்கற தைரியத்துல பட்டினி கிடக்கறியாடி நீ?"

"நீ மட்டும் கிடக்கலையா?"

"நான் பெரியவ. என் இஷ்டம். எட்டு மாசமா ஒரே வீட்ல இருக்கேன், நீ துரும்பா இளைச்சுட்டேன்னு ஒரு ஜென்மம் என்கிட்ட சொல்லலையே! உன் புருஷன் என்ன பண்றாரு, லிஃப்ட்டை மட்டும்தான் பாப்பாரா?" அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலை அப்படியே அதட்டலாக மாற்றினாள். "வீட்ல உருளைக்கிழங்கு இருக்கா?"

"இருக்கு."

"வெண்ணெய்?"

"இருக்கு. கல்லுப்புதான் இல்லை."

"அந்த ஆளு சொல்றான்னு எல்லாத்துக்கும் ஆடாதே. தூள் உப்பு போதும். அடுப்பைப் பத்த வை."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவளாகவே அடுக்களைக்கு வந்தாள். கிழங்கை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, ஒரே அளவாக ஒன்பதைத் தேர்ந்தெடுத்தாள். தபாலில் கடிதம் பிரித்தவள், கை மறக்கவில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தத்தை வைத்தே தணலைக் குறைக்கச் சொன்னாள். வெந்ததும் நான் வடித்து ஒரு தட்டில் கொட்டி மேசையில் வைத்தேன். அவள் நாற்காலியைத் தடவி இழுத்து, எட்டு மாதத்துக்குப் பிறகு அதில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கருவிப் பையோடு உள்ளே வந்தார். அக்கா மேசையில் இருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புத்திசாலி மனுஷன், ஆச்சரியப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கும் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

கிழங்கு கொதிக்கக் கொதிக்க இருந்தது. மூன்று பேரும் கையிலிருந்து கைக்கு மாற்றிப் போட்டு ஊதினோம். அக்கா கட்டைவிரலால் தோலைத் தள்ளினாள், அது மேசைக்கு வெளியே போய் விழுந்தது. வெண்ணெயை வைத்தாள், பாதி கிழங்கில், பாதி விரலில். கடித்தாள். தாடையில் ஒழுகியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். நானும் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து போய்விடுவாளோ?

"மாப்ள, பாக்க ரொம்ப அசிங்கமா இருக்கா?"

என் வீட்டுக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது பொத்தானிலிருந்து கீழே முழுக்க வெண்ணெய்.

"அக்கா, என் சட்டையைப் பாத்தா நீங்க இதைக் கேக்கவே மாட்டீங்க" என்றவர், என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா வாயில் கிழங்கோடு சிரித்தாள். சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சிந்தியது. அதை அவள் துடைக்கவில்லை.

"அந்த ஆளு நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாள். "உப்பு விஷயத்துலயும் அவன் சொன்னதுதான் சரி. நாளைக்குக் கல்லுப்பு வாங்கிட்டு வா. அப்புறம், எனக்கு இனிமே வெட்டினதைக் கொண்டாராதே. நீ சண்டை போட்டுக்கிட்டுப் படிக்கறதுதான் நல்லா இருக்கு. அடுத்த அத்தியாயம் என்ன?"

"மீன்."

"எப்ப படிக்கப் போறே?"

"திங்கக்கிழமை."

"சாப்பிட்டுட்டுப் போ. படிக்கறது எப்படி வேணா வரட்டும்."

சொல்லிவிட்டுக் கையை மேசை மேலேயே நகர்த்திக்கொண்டு வந்து என் தட்டைக் கண்டுபிடித்தாள். அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். தோலைத் தள்ளிவிட்டு, அடியில் நான் ஒளித்து வைத்த மாதிரி கிடந்த பாதிக் கிழங்கைத் தொட்டாள்.

"ஒண்ணுகூட முழுசா உள்ளே போகலை. தின்னு."

எடுத்துக் கடித்தேன். அக்கா முகத்தை என் பக்கம் திருப்பி, காதைக் கொடுத்து, நான் மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விழுங்கிய பிறகுதான் தன்னுடையதைக் கடித்தாள்.